பச்சை ஜோடி, சிவப்பு ஜோடி

முதலில் 'ஹூம்' என்று ஒரு மூச்சு. இமைக்கிற நேரம் தள்ளி, அதே மாதிரி இன்னொரு மூச்சு. பிறகு இரண்டும் கலந்து ஒரே இரைச்சலாகி, கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின மாதிரி அறையை நிறைத்து, அப்படியே அடங்கும். பதினான்கு வருஷம் ஆகிவிட்டதுங்கம்மா. இப்போதும் எங்காவது ஒரு கம்ப்யூட்டரை ஆன் செய்தால், அந்த இரண்டாவது மூச்சுக்காக என் காது காத்திருக்கும். வராது.

உங்கள் மடியில் இருக்கிற பெட்டியைப் பார்த்ததும் அந்தச் சத்தம்தான் வந்தது. கிராஃபிக்ஸ் கார்டுதானே? மகன் வாங்கிவரச் சொன்னானா? சரி, சரி. அந்தப் பக்கம் வெயில் விழுகிறது, இப்படி நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதானே வாங்கினீர்கள்? பைக்குள் இரண்டாவது ஒன்று இல்லையே? நல்லது. சும்மா கேட்டேன். நான் கார்டு விற்கிறவன் இல்லை. ஒரு காலத்தில் திருப்பூரில் விற்றேன். இப்போது கேமரா மாட்டிக்கொடுக்கிற வேலை. கோயம்புத்தூரில் ஒரு அபார்ட்மென்டில் எட்டுக் கேமரா மாட்டப் போய்க்கொண்டிருக்கிறேன். பெயர் சென்னியப்பன். பஸ் அவிநாசி தாண்டுவதற்குள் சொல்லிவிடக்கூடிய கதைதான். முடியாவிட்டால் கருமத்தம்பட்டி.

கூட்டாளி ஒருத்தன், பத்து வருஷம் கூடவே இருந்தவன், ஒரு நிறத்துக்காக என்னை விட்டுப் போனான் என்றால் நம்புவீர்களா? நிறம்தான். சாதி இல்லை, கட்சி இல்லை, காசு இல்லை. பச்சை, சிவப்பு. அவ்வளவுதான்.

சொல்கிறேன். இந்தக் கார்டு இருக்கிறதே, கம்ப்யூட்டருக்குள் படம் வரைகிறது இதுதான். விளையாட்டில் ஒரு கார் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மையில் ஓடவில்லை. வினாடிக்கு அறுபது படம் வரைந்து வரைந்து காட்டுகிறது, நம் கண் அதை ஓட்டமாகப் பார்க்கிறது. படம் குறைந்தால் கார் நொண்டும். அந்தக் காலத்தில் ஒரு கார்டால் அவ்வளவு வரைய முடியாது. அதனால் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் சொருகி, மேலே இரண்டையும் இணைக்க விரல் நீளத்துக்கு ஒரு பிரிட்ஜ் மாட்டிவிடுவோம். முதல் படத்தை இது வரையும், இரண்டாவதை அது வரையும், மூன்றாவது திரும்ப இது. ஒரே ஓலையில் இரண்டு பேர் வரிவிட்டு வரி எழுதுகிற மாதிரி. ஆன் செய்தால் இரண்டு கார்டின் ஃபேனும் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு விடும்.

கார்டு செய்கிற கம்பெனி இரண்டு. ஒன்றின் பெட்டி பச்சை, இன்னொன்று சிவப்பு. நாங்கள் பெயரே சொல்ல மாட்டோம், நிறம் சொன்னால் போதும். பச்சை ஜோடியா, சிவப்பு ஜோடியா? அந்த வருஷம் தேர்தல்கூட வந்தது. எங்கள் கடையில் தேர்தலைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

கடை அவிநாசி ரோட்டில், மாடியில். எனக்கும் நாட்ராயனுக்கும் பாதிப் பாதி. நாட்ராயன் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். என்னை மாப்பிள என்றுதான் கூப்பிடுவான், முதல் நாளிலிருந்தே. நான் பச்சை. அவன் சிவப்பு. கடைக்கு யார் வந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கத்தில் நின்று இழுப்போம்.

இதில் நியாயமாகப் பேச வேண்டும். பச்சை ஜோடியில் ஒழுங்கு உண்டு. இரண்டு கார்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும், அடியில் இருக்கிற போர்டும் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும், பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் சேர்ப்போம். சேர்ந்துவிட்டால் புது விளையாட்டு வந்த வாரமே அதற்கு டிரைவர் வந்துவிடும். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை, கார்டுக்குப் புத்தி சொல்கிற ஒரு புரோகிராம். சிவப்பில் அந்தக் கண்டிப்பெல்லாம் கிடையாது. ஒரே குடும்பமாக இருந்தால் போதும், அக்காவையும் தங்கையையும் பக்கத்தில் உட்கார வைத்துவிடலாம். விலையும் கம்மி. ஆனால் சூடு! மேலே இட்லித் தட்டு வைத்தால் வெந்துவிடும். டிரைவர் வரும், வராது, சொல்ல முடியாது.

"உன்ற பச்சை பொருத்தம் பாத்து முடிக்கறதுக்குள்ள என்ற சிவப்பு புள்ளயே பெத்துரும் மாப்பிள" என்பான் நாட்ராயன்.

"பெத்த புள்ளய இன்குபேட்டர்ல வெக்க வேண்டாம், அந்தச் சூடே போதும்" என்பேன் நான்.

வாடிக்கையாளர் பாவம், நடுவில் நின்று டீ குடிப்பார். அப்படிச் சந்தோஷமாகத்தான் இருந்தோம். சும்மா சொல்லவில்லை. பத்து வருஷம்.

நாட்ராயனுக்கு ஒரு தங்கை. மகுடேஸ்வரி. பனியன் கம்பெனியில் துணி செக்கிங். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடி மேஜை ஒன்று சாய்வாக நிற்கும், அடியில் டியூப்லைட் எரியும், அதன் மேல் துணி ரோல் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், பின்னுகிறபோது ஊசி ஒன்று விட்டுப் போயிருந்தால், அந்த இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க இதுதான். மற்றவர்கள் மிஷினை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்களாம். இவள் நிறுத்த மாட்டாள். பக்கத்தில் இருக்கிறவளோடு சிரித்துப் பேசிக்கொண்டே, ஓடுகிற துணியில் கட்டைவிரலால் டக்கென்று ஒட்டிவிடுவாள். நாட்ராயன் இதைப் பெருமையாகச் சொல்வான். நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

காலையில் கம்பெனிக்குப் போகிற வழியில் கடைக்கு வந்து மதியச் சாப்பாடு வைத்துவிட்டுப் போவாள். இரண்டு டப்பா, அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் தனிக்கட்டை என்பதால் அவர்கள் அம்மா கொடுத்து விடுவது. எனக்குக் கத்திரிக்காய் ஆகாது. நாட்ராயன் டப்பாவில் வாரத்துக்கு மூன்று நாள் கத்திரிக்காய் இருக்கும், என் டப்பாவில் ஒரு நாளும் வந்ததில்லை. எப்படியோ அப்படி அமைந்துவிட்டது. எனக்குச் சாப்பாட்டில் எப்போதுமே அதிர்ஷ்டம் உண்டு.

சாயங்காலம் வேலை விட்டதும் வந்து, அண்ணனோடு வண்டியில் வீட்டுக்குப் போவதற்காகக் காத்திருப்பாள். தலைமுடியில் அங்கங்கே பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். கனகாம்பரம் வைத்த அன்று பூவிலும் பஞ்சு இருக்கும். நான் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தால் பக்கத்தில் நின்று பார்ப்பாள். எந்த ஸ்குரூ எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். கை நீட்டினால் சரியான ஸ்குரூவைக் கொடுத்துவிடுவாள், கேட்க வேண்டியதில்லை. நல்ல பிள்ளை.

ஒரே ஒரு குறை. மரியாதை கொஞ்சம் போதாது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரையும் அண்ணா என்பாள். டீக்காரர் அண்ணா, கூரியர் பையன் அண்ணா, அவளைவிடச் சின்னவனைக்கூட அண்ணா. என்னை மட்டும் 'ஏனுங்க'. ஏனுங்க, டப்பாவை வெச்சுட்டேன். ஏனுங்க, கரண்ட் போயிருச்சுங்களா? எனக்கு மனசுக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"ஏம்புள்ள, ஊரெல்லாம் உனக்கு அண்ணன். நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன்? என்னையும் அண்ணான்னு கூப்பிட்டா வாய் வலிக்குமா?"

அவள் கையில் ஒரு ஸ்குரூ இருந்தது. அதை மேஜை மேல் வைத்தாள். "செரிங்க" என்றாள். கூப்பிடத்தான் இல்லை. பிடிவாதக்காரி.

வைகாசி மாதம் ஆரம்பித்தபோது நாட்ராயன் ஒரு நாள் மதியம், டப்பாவைத் திறக்காமல், என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மாப்பிள, பெருந்துறையிலிருந்து மகுடேஸ்வரியைப் பாக்க வர்றாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை."

"நல்ல விசயம்டா."

"அம்மா உன்னையக் கேக்கச் சொல்லுச்சு."

"என்னைய எதுக்கு?"

"உனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்லையா?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அடடா, வெள்ளிக்கிழமை பச்சைக்குப் புது டிரைவர் வருதுடா! பரவால்ல, கடையை நான் பாத்துக்கறேன். நீ தாராளமா லீவு எடுத்துக்க" என்றேன்.

கூட்டாளி என்றால் இப்படி இருக்க வேண்டாமா? அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போய்ச் சாப்பிட்டான். மறுநாளும் வந்து, "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்குது மாப்பிள" என்றான். "தெரியும்டா, நானும் எண்ணிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். அதற்கப்புறம் தினமும் ஒரு நாளைக் குறைத்துச் சொல்லிக்கொண்டே வந்தான். டிரைவரில் அவனுக்கும் இவ்வளவு ஆர்வமா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கௌஷிக் வந்தான். ஒரு பெரிய எக்ஸ்போர்ட் முதலாளியின் மகன். ஏசி போட்ட ஹாலில் பன்னிரண்டு கம்ப்யூட்டர் வைத்து விளையாட்டு சென்டர் திறக்கப் போகிறான். "அண்ணா, எனக்குப் பச்சையும் தெரியாது, சிவப்பும் தெரியாது. ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்க. எது நல்லா இருக்குதோ அதைப் பன்னண்டு போட்டுருங்க" என்றான். எங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு என்று வைத்துக்கொண்டோம். அப்போதெல்லாம் தினமும் கரண்ட் போகும். எங்கள் ஏரியாவில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும்தான் நம்பலாம்.

ஒரே மாதிரி இரண்டு கேபினெட். ஒரே மானிட்டர். ஒரே விளையாட்டு, மலைப்பாதையில் கார் ஓடுகிறது. திரையின் மூலையில் வினாடிக்கு எத்தனை படம் என்று நம்பர் ஓடும். நானும் நாட்ராயனும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றோம், ஏதோ சேவல் விடுகிறவர்கள் மாதிரி.

நாட்ராயன் தங்கையையும் கூட்டி வந்திருந்தான். பச்சைப் பாவாடை இல்லை, சிவப்புத் தாவணி இல்லை, அதெல்லாம் நான் முதலிலேயே பார்த்துவிட்டேன். மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை.

"இது எதுக்குடா?" என்றேன்.

"நாம ரெண்டு பேரும் அவனவன் நிறத்துக்குப் பொய் சொல்லுவோம். கௌஷிக் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. மகுடேஸ்வரி பாக்கட்டும். ஓடறதுல எது நல்லா ஓடுதுன்னு அதுக்குத் தெரியும்."

கௌஷிக் சிரித்தான். "சூப்பர் அக்கா, நீங்கதான் நடுவர்."

முதலில் என் பச்சை. இரண்டு மூச்சும் வந்தன. நம்பர் தொண்ணூற்று மூன்று! ஒரு தனிக் கார்டில் அறுபது தாண்டுவதே கஷ்டம். நான் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பியபோது மகுடேஸ்வரி கையைப் பார்த்தேன். மடியில் வைத்திருந்தாள். கட்டைவிரல் மட்டும் அடிக்கடி அழுத்திக்கொண்டிருந்தது. ஒட்டுகிற மாதிரி.

"எப்படி?" என்றேன்.

"குதிக்குதுங்க."

"எங்க குதிக்குது? நம்பரைப் பாரு புள்ள, தொண்ணூத்தி மூணு."

"நம்பரைப் பாக்கலைங்க. ரோட்டைத்தான் பாத்தேன்."

அடுத்து சிவப்பு. நம்பர் தொண்ணூற்று ஏழு. நாட்ராயன் என் முதுகில் ஒரு அறை விட்டான். "நாலு கூடடா மாப்பிள!" மகுடேஸ்வரி கட்டைவிரல் இன்னும் வேகமாக ஒட்டிக்கொண்டிருந்தது. "இது இன்னும் மோசம்ண்ணா. ரெண்டு ரெண்டாச் சேந்து வருது, அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் ரெண்டு" என்றாள். நாட்ராயன் முகம் தொங்கியது. நான் சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கருகல் வாசனை. நான் சொன்னேன் அல்லவா, சூடு! நாட்ராயன் ஆஃப் செய்து, மேலே இருந்த கார்டைத் துணியால் பிடித்துக் கழற்றினான். இன்னொன்று பிழைத்திருக்கிறதா என்று பார்க்க, அந்த ஒன்றை மட்டும் வைத்து ஓட்டினான்.

ஒரே ஒரு மூச்சுதான் வந்தது. நம்பர் அறுபத்தொன்று. நான் எழுந்து டீ டம்ளர்களை எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

"இருங்க" என்றாள் மகுடேஸ்வரி.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கை சும்மா இருந்தது. மலைப்பாதை அவள் முகத்தில் நீலமாகவும் பச்சையாகவும் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுதாங்க. இது ஓடுது. நல்ல துணி மாதிரி, ஒரே இழுப்பா."

"இது ஒரு கார்டுதான் புள்ள. நம்பர் முப்பதுக்கு மேல கம்மி."

"ஆனா ஓடுதுங்க. அது ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்காம ஓடுது. ஒண்ணு சீக்கிரம் வருது, ஒண்ணு லேட்டா வருது. கௌஷிக் தம்பி, ஒண்ணே போதும். ரெண்டு வேண்டாம்."

கௌஷிக் என்னைப் பார்த்தான். எனக்குச் சுருக்கென்றது. மிச்சம் இருந்தது சிவப்புக் கார்டு அல்லவா? "அண்ணன் கட்சி பேசறியா?" என்றேன்.

"நான் எந்தக் கட்சியும் இல்லைங்க. கண்ணுல பட்டதைச் சொன்னேன்."

"பனியன் பாக்கற கண்ணை வெச்சுக் கம்ப்யூட்டர் பாத்தா இப்படித்தான் இருக்கும்" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். கௌஷிக் சிரித்தான். அவன் கூட்டி வந்திருந்த நண்பர்களும் சிரித்தார்கள். நாட்ராயன் சிரிக்கவில்லை. தோற்றவன் எப்படிச் சிரிப்பான்?

மகுடேஸ்வரி எழுந்து என் எதிரே வந்து நின்றாள். கூட்டத்தில் கேட்காத குரலில் கேட்டாள், "ஏனுங்க, நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?"

இதோ பாருங்கள், நான் பொய்யே சொல்ல மாட்டேன். அதனால் உள்ளதைச் சொன்னேன். "அங்க நம்பர் எழுதியிருக்குதில்ல, மகுடேஸ்வரி? நம்பர் பொய் சொல்லுமா? நீ சொல்றதை எப்படி நம்பறது?"

யாராவது வந்து எதையாவது மாற்றிச் சொல்வார்கள் என்று காத்திருக்கிற மாதிரி நின்றாள். பிறகு, "செரிங்க" என்றாள். முந்தின நாள் சாப்பிட்ட என் டப்பா கழுவாமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி, துடைத்து, பையில் வைத்துக்கொண்டு, கீழே இறங்கிப் போய்விட்டாள். அண்ணனுக்காகக்கூடக் காத்திருக்கவில்லை.

சிவப்புதான் கருகிவிட்டதே, கௌஷிக் பச்சை ஜோடி பன்னிரண்டு சொல்லிவிட்டுப் போனான். ஆமாம், நான்தான் ஜெயித்தேன்!

எல்லாரும் போன பிறகு நாட்ராயன் கேபினெட்டை மூடிக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் கேட்டான்.

"மாப்பிள, அது உன்னைய என்ன கேட்டுச்சுன்னு புரிஞ்சுதா?"

"ஏன் புரியாம? ஒரு கார்டு போதும்ங்குது. பன்னண்டு கார்டு விக்காம நின்னுருக்கும். வியாபாரம் தெரியாத புள்ள."

நாட்ராயன் சிரித்தான். நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை. சிரித்து முடித்துவிட்டு ஸ்குரூடிரைவரை மேஜையில் வைத்தான். "இன்னும் அஞ்சு நாள் இருக்குது" என்றான். அதுதான் அவன் கடைசியாக எண்ணியது. மறுநாளிலிருந்து எண்ணவில்லை. டப்பாவும் ஒன்றுதான் வந்தது. நான் ஹோட்டலில் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை டிரைவர் வந்தது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது மதியம் மூன்றுக்குத்தான் நெட்டிலிருந்து இறங்கி முடிந்தது. போட்டுப் பார்த்தால் நான்கு படம் கூடுதல், தொண்ணூற்று ஏழு! சிவப்புக்குச் சமம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாட்ராயனுக்கு போன் போட்டேன்.

"டேய், நாலு ஏறிருச்சுடா!"

பின்னால் பேச்சுச் சத்தம், தட்டுச் சத்தம், யாரோ ஒரு குழந்தை. "பூ வெச்சுட்டாங்க" என்றான். "ஆவணியில கல்யாணம்."

"அப்படியா? ரொம்ப சந்தோசம். அதுகிட்டயும் சொல்லிரு" என்றேன். "சொல்லிர்றேன்" என்றான். வைத்துவிட்டான். அன்றைக்கு அந்தப் புது டிரைவரை நான் மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. தலைவலி. வெயில் காலம் அல்லவா.

ஆனி மாதம் நாட்ராயன் கடையை விட்டுவிட்டான். ஒரு சாயப்பட்டறையில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருக்கிறது என்றான். "பாதி உன்னோடதுதான, எடுத்துக்க" என்றேன். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்டா" என்று ஸ்குரூடிரைவர் செட்டை மட்டும் எடுத்துக்கொண்டான். இதைத்தான் சொல்ல வந்தேன். ஒரு போட்டி. ஒரு தோல்வி. அதற்காகப் பத்து வருஷத்தை விடுவார்களா? சிவப்பு தோற்றது என் தப்பா? இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருத்தரும் நியாயம் சொன்னதில்லை. கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். நீங்களும்தான் அப்படிப் பார்க்கிறீர்கள்.

அவிநாசி வந்துவிட்டது. இறங்குகிறவர்கள் இறங்கட்டும்.

ஆடியில் கௌஷிக் ஆள் அனுப்பினான். விளையாட வருகிற பையன்கள் கண் வலிக்கிறது என்கிறார்களாம். அரை மணி ஆடினால் தலை சுற்றுகிறதாம். நம்பர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏதோ சரியில்லை. நான் போய் டிரைவரை மாற்றினேன், பிரிட்ஜை மாற்றினேன், இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அங்கே வேலை செய்கிற ஒருவர் சலித்துப்போய் ஒரு மிஷினில் இரண்டாவது கார்டைப் பிடுங்கி வைத்துவிட்டார். அந்த மிஷினுக்கு மட்டும் பையன்கள் வரிசையில் நின்றார்கள். அப்புறம் என்ன, பன்னிரண்டையும் பிடுங்கினார்கள். பன்னிரண்டு கார்டும் அட்டைப் பெட்டியில் என் கடைக்கு வந்து சேர்ந்தன.

ஒரு நாள் மதியம் கடையில் யாரும் இல்லை. ஒரு ஜோடியை மாட்டி, அதே மலைப்பாதையை ஓடவிட்டு, மூலையில் ஓடிய நம்பரை ஒரு ஸ்டிக்கரால் மறைத்துவிட்டு உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். குதிக்கிறபோது கட்டைவிரலை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் பார்த்தேன். எனக்கு ஒரு இடத்தில்கூடக் குதிக்கவில்லை. ஒரு கார்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அதுவும் அப்படியேதான் இருந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை என்றால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்? கண் டாக்டரிடம்கூடப் போனேன். பார்வை சுத்தமாக இருக்கிறது என்றார்.

கல்யாணத்துக்குப் போனேன். பெருந்துறையில் பெரிய மண்டபம். நாட்ராயன் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றான். என்னைப் பார்த்ததும், "வாங்க" என்றான். வாங்க! பத்து வருஷம் வாடா போடா என்றவன். "உள்ள போய்ச் சாப்பிடுங்க" என்றான். நான் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். வரிசையில் நின்று மேடைக்கு ஏறினேன். மாப்பிள்ளை நல்ல மனுசன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மகுடேஸ்வரி தலையில் பஞ்சு இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

"வாங்கண்ணா" என்றாள்.

முதல் தடவை! எத்தனை நாள் சொல்லி வராதது, அன்றைக்குத்தான் வந்தது. எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். கடிகாரத்தை யாரிடம் கொடுத்தேன் என்றே ஞாபகம் இல்லை.

"மிஷினெல்லாம் நல்லா ஓடுதுங்களாண்ணா?" என்று கேட்டாள். கிண்டலாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கண்ணை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள், ஓடுகிற துணியைப் பார்க்கிற மாதிரி.

பன்னிரண்டு கார்டும் அப்போது என் கடை அலமாரியில் இருந்தன. 'நீ சொன்னதுதான் சரி' என்று மூன்று வார்த்தை. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் நெருக்கினார்கள். போட்டோக்காரர் இங்கே பாருங்கள் என்றார்.

"ரொம்ப நல்லா ஓடுது" என்றேன்.

"செரிங்கண்ணா" என்றாள்.

பொய்யே சொல்ல மாட்டேன் என்றேன் அல்லவா? அது ஒன்று சொன்னேன். கல்யாண வீட்டில் கார்டைப் பற்றி என்ன பேச்சு என்றுதான். வேறொன்றுமில்லை. போட்டோ வந்ததும் நாட்ராயன் ஒரு பிரதி அனுப்பினான், கவரில் கடிதம் எதுவும் இல்லை. அதில் நான் எங்கேயோ மேலே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூலையில் நம்பர் ஏதாவது ஓடுகிறதா என்று தேடுகிற மாதிரி.

இப்போது பச்சை ஜோடியும் இல்லை, சிவப்பு ஜோடியும் இல்லை அம்மா. ஜோடி போடுகிறதையே இரண்டு கம்பெனிக்காரர்களும் விட்டுவிட்டார்கள். உங்கள் மகனுடைய கார்டைப் பிரித்துப் பார்த்தால் தெரியும், பிரிட்ஜ் மாட்டுகிற இடமே இருக்காது. எல்லாரும் ஒற்றைக் கார்டுக்கு வந்துவிட்டார்கள். அவனிடம் நம்பரைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம், சும்மா சொல்லுங்கள்.

எனக்குக் கல்யாணமா? இல்லைங்கம்மா. நேரம் அமையவில்லை. கடையையும் மூடிவிட்டேன். கேமரா வேலை பரவாயில்லை, சத்தமில்லாத வேலை. சாப்பாடு ஹோட்டலில்தான். கத்திரிக்காய் போடாதீர்கள் என்று சொன்னால் ஒருத்தனும் காதில் வாங்க மாட்டான்.

கருமத்தம்பட்டி. இறங்குகிறீர்களா? பெட்டியை நேராகப் பிடியுங்கள்.

யார், அந்தப் பெண்ணா? நான் நாட்ராயன் கதையல்லவா சொன்னேன். கதை கேட்கிற எல்லாரும் கடைசியில் அவளைத்தான் கேட்கிறார்கள். மகுடேஸ்வரி பெருந்துறையில் சொந்தமாக ஒரு செக்கிங் யூனிட் நடத்துகிறாள். நாற்பது பேர் அவளிடம் வேலை செய்கிறார்கள்.